வன்னிக் கமக்காரருக்கான துண்டுப்பிரசுரம்: எந்தச் சொல்லை எடுப்பது, எதை விடுவது?

கனகராயன் (கிளிநொச்சி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரணைமடுக் குளத்தின் கீழ் நெற்செய்கை பண்ணுவோருக்கென ஒரு துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் ஆக்கித் தரும்படி எங்கள் கமக்காரர் அமைப்பு என்னிடம் கேட்டிருக்கிறது. மூலம் ஆங்கிலத்தில் உள்ளது. சில பந்திகள் சிங்களச் சுற்றறிக்கை ஒன்றிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டவை. காலபோகத்தில் (மாரிகால நெற்செய்கையில்) நீரை எப்படிச் சிக்கனமாகப் பாய்ச்சுவது, பசளையை எந்தப் பருவத்தில் இடுவது, பீடைநாசினியை எந்த அளவில் கலப்பது, வயலில் பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று நான்கு விடயங்கள் அதில் இருக்கின்றன. சொற்களைத் தெரிவு செய்வதில் உங்கள் கருத்து எனக்கு வேண்டும்.

ஏற்கனவே ஒரு தமிழ் வரைவு கையில் இருக்கிறது. அதை ஆக்கியவர் தமிழ்நாட்டு வேளாண் நூல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார் என்பது வாசித்தவுடனேயே தெரிகிறது. தமிழ் என்ற அளவில் அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால், 'மதகு திறக்கப்படும் நாளுக்கு முன்னர் வாய்க்காலைத் துப்புரவு செய்யுங்கள்' என்று ஒரு வரி வருகிறது. தமிழ்நாட்டில் மதகு என்பது குளத்து நீரைத் திறந்துவிடும் கதவு. எங்களுக்கோ மதகு என்றால் வீதியின் கீழால் வெள்ளம் போவதற்குக் கட்டிய சிறு பாலம். அதற்குக் கதவு கிடையாது, அதை எவரும் திறப்பதும் இல்லை. குளத்துக் கதவுக்கு வன்னியில் உள்ள சொல் துருசு. அதேபோல, நிரம்பிய குளத்தின் மேலதிக நீர் வழிந்தோடுவதைப் பற்றி 'மறுகால் பாயும்போது' என்று எழுதப்பட்டிருப்பதை இங்கே வாசிப்பவர் புரிந்துகொள்ள மாட்டார்; 'குளம் வான் பாயும்போது' என்று எழுதினால் பாடசாலை போகாத முதியவருக்கும் விளங்கும்.

பூச்சியின் பெயரில் சிக்கல் இன்னும் பெரிது. நெற்பயிரின் அடித்தண்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சி, வயலைத் திட்டுத்திட்டாக எரிந்ததுபோல் ஆக்கும் சிறு பூச்சிக்கு வரைவில் 'புகையான்' என்று பெயர். எங்கள் விவசாயத் திணைக்களத்தின் வெளியீடுகளில் அது 'கபிலநிறத் தத்தி'. வயலிலே அது 'அறக்கொட்டி'. மூன்றுமே தமிழ்தான். ஆனால் அறக்கொட்டி என்ற பெயரைக் கேட்டவுடன் கமக்காரர் குனிந்து பயிரின் அடியைப் பிரித்துப் பார்ப்பார். மற்ற இரண்டு பெயர்களுக்கும் அந்தக் குனிதல் நடக்குமா என்பது எனக்கு ஐயம்.

துண்டுப்பிரசுரத்தை வாசித்துவிட்டு வயலில் இறங்கப் போகிறவரின் வாயில் ஏற்கனவே இருக்கும் சொல் முதலில் வரவேண்டும், திணைக்களச் சொல் அதன் அருகே ஒரே ஒரு தடவை வந்தாற் போதும் என்பதே என் நிலைப்பாடு. இதற்கு மாறான கருத்து உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

முத்தையன்கட்டுக் கமக்காரன் எழுதியது:

தம்பி, உங்கள் நிலைப்பாடுதான் சரியானது. இன்னும் சில சொற்களை நான் தருகிறேன். பசளையைப் பற்றி எழுதும்போது, விதைப்போடு அடியில் இடுவதை 'அடிக்கட்டு', பயிர் வளரும்போது மேலே இடுவதை 'மேற்கட்டு' என்று எழுதுங்கள். வரைவில் 'உரம்' என்று இருந்தால் எல்லா இடத்திலும் 'பசளை' என்று மாற்றிவிடுங்கள். கதிர் வெளிவருவதற்கு முன்பு தண்டின் உள்ளே கதிர் பருத்து நிற்கும் காலத்தைக் 'குடலைப் பருவம்' என்போம். அதற்கு வேறு சொல் தேடவேண்டிய தேவையே இல்லை. நீர் முற்றாக நிறையும்போது குளம் பரந்து நிற்கும் ஓரப்பகுதி 'அலைகரை'. அதை 'நீர்ப்பிடிப்புப் பகுதி' என்று யாராவது மாற்றினால் விடாதீர்கள், ஏனென்றால் நீர்ப்பிடிப்புப் பகுதி என்பது குளத்துக்கு மழைநீரைக் கொண்டுவந்து சேர்க்கும் காடு முழுவதும். அலைகரை என்பது குளத்தின் உள்விளிம்பு. அலைகரையில் பயிர்செய்யக் கூடாது என்ற அறிவித்தல் தவறான சொல்லோடு வந்தால், காட்டோரத்துச் சேனைக்காரர் எல்லோரும் தங்களைத்தான் சொல்லுகிறார்கள் என்று பதறிப்போவார்கள்.

நீரின் அளவைப் பற்றியும் ஒரு சொல். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்றுதான் இங்கே கேட்போம். போகச் செய்கையைத் தீர்மானிக்கும் போகக் கூட்டத்தில் பொறியியலாளர் ஏக்கர் அடியில் கணக்குச் சொல்வார், அதுவும் எங்களுக்குப் பழக்கம். கனமீற்றரில் மட்டும் எழுதினால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவோம்.

புதுக்குடியிருப்பு ஆசிரியை எழுதியது:

கனகராயன் அண்ணா, நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்பிப்பவள். வயலின் சொல் வயலுக்கு வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அதைப் பொதுவிதியாக எடுத்தால் ஏற்படும் ஆபத்தை என் வகுப்பறையில் ஒவ்வொரு வருடமும் காண்கிறேன்.

எங்கள் பாடநூலில் 'திணிவு' என்பது ஒரு பொருளில் உள்ள சடத்தின் அளவு, கிலோகிராமில் அளப்பது. அந்தப் பொருளைப் புவி இழுக்கும் விசை 'நிறை', நியூற்றனில் அளப்பது. தமிழ்நாட்டுப் பாடநூலில் முதலாவதற்குப் பெயர் 'நிறை', இரண்டாவதற்குப் பெயர் 'எடை'. ஒரே சொல் கடலைத் தாண்டியவுடன் வேறொரு கணியத்தைக் குறிக்கிறது. எங்களிடம் 'வேகம்' திசையுடன் கூடியது, திசை இல்லாதது 'கதி'. அங்கே திசை இல்லாததுதான் 'வேகம்', திசையுடன் கூடியது 'திசைவேகம்'. எங்களுக்கு 'அமுக்கம்' ஓரலகுப் பரப்பில் தாக்கும் விசை, 'அழுத்தம்' மின்னைச் சேர்ந்தது. அங்கே விசையைப் பரப்பால் வகுத்து வருவதே 'அழுத்தம்'. தனியார் வகுப்புக்குக் கட்டணம் கட்ட வசதியில்லாத பிள்ளைகள் கைத்தொலைபேசியில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளிகளைப் பார்த்துப் படிக்கிறார்கள். அவை நல்ல காணொளிகள். விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை பரீட்சை மண்டபத்தில் 'நிறையைக் காண்க' என்ற வினாவுக்குக் கிலோகிராமில் விடை எழுதிவிட்டு வரும்போது, பௌதிகவியல் தெரிந்திருந்தும் புள்ளியை இழக்கிறது. கணிதத்தில் இந்த அளவு சிக்கல் இல்லை.

ஆகவே கலைச்சொல் என்றால் அது எல்லோருக்கும் ஒரே பொருளில் நிற்கவேண்டும். ஊருக்கு ஊர் மாறும் சொல்லை வைத்துக்கொண்டு அறிவியலைக் கற்பிக்க முடியாது. பிள்ளை 'கபிலநிறத் தத்தி' என்று பாடத்தில் படிக்கிறது; தகப்பன் கொண்டுவரும் துண்டுப்பிரசுரத்தில் 'அறக்கொட்டி' என்று மட்டும் இருந்தால், தான் படித்ததும் தகப்பனின் வயலில் இருப்பதும் ஒன்றே என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? வீட்டில் அதை வாசித்துச் சொல்லப்போவதும் பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான்.

அதேவேளை, அதிகாரபூர்வமான சொல் எல்லாமே நல்ல சொல் என்று நான் வாதாடவில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது 'சேதனப் பசளை' என்ற சொல் எல்லா அறிவித்தல்களிலும் வந்தது. இரசாயனவியலில் 'சேதனச் சேர்வை' என்பது காபனை அடிப்படையாகக் கொண்ட சேர்வை. யூரியாவும் அதில் ஒன்று. 1828இல் வோலர் ஆய்வுகூடத்தில் யூரியாவை ஆக்கிக் காட்டியதைச் சேதன இரசாயனத்தின் தொடக்கமாகவே நாங்கள் கற்பிக்கிறோம். சேதனச் சேர்வையான யூரியாவை நிறுத்திவிட்டுச் சேதனப் பசளையைப் பாவிக்கச் சொல்வது எப்படி என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். அவள் கேட்டது நியாயம். 'ஓகானிக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்க, இரசாயனத்துக்கென ஆக்கிய தமிழ்ச் சொல்லை எடுத்து மற்றப் பொருளுக்கும் ஒட்டிவிட்டார்கள். எரு, கூட்டெரு, பசுந்தாட் பசளை என்று எங்களிடம் தெளிவான சொற்கள் இருந்தன. அவற்றின் பேரைச் சொல்லியே அறிவித்திருக்கலாம்.

கனகராயன் எழுதியது:

ஆசிரியை சொன்ன திணிவு, நிறை விடயம் எனக்குப் புதிது; மிக்க நன்றி. பிள்ளைதான் வாசித்துச் சொல்லும் என்ற உங்கள் காரணத்துக்காகவே இரண்டு பெயர்களும் வரவேண்டும் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். எது முன்னால் வருவது என்பதில் மாத்திரமே நாம் வேறுபடுகிறோம். பாம்புக்கடிப் பகுதியைப் பற்றி மருத்துவத் துறையில் இருப்பவர்கள் எவராவது எழுதினால் உதவியாக இருக்கும். அந்தப் பகுதியில் 'விரியன்' என்று மட்டும் எழுதப்பட்டிருக்கிறது.

மாங்குளம் தாதி எழுதியது:

அந்த ஒரு சொல்லோடு அந்தப் பகுதியை அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள், அண்ணா.

வன்னி வயல்களில் அரிவி வெட்டு (அறுவடை) காலத்தில் அதிகமாகக் கடிப்பதை எங்கள் ஆட்கள் 'புடையன்' என்கிறார்கள். நூல்களில் அது கண்ணாடி விரியன். அதன் நஞ்சு குருதி உறைவதைக் குலைக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும். கட்டுவிரியன் முற்றிலும் வேறானது. பெயரில் விரியன் இருந்தாலும் அது நாகத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் இரவில், நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் நோவும் வீக்கமும் பெரிதாக இராது. விடியும்போது வயிற்றுவலியோடும் மூடிக்கொள்ளும் கண்ணிமைகளோடும் கொண்டுவருவார்கள். 'விரியன்' என்ற ஒரு சொல் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. நோயாளியோடு வந்தவர் 'விரியன் கடித்தது' என்றால் நாங்கள் மறுபடி கேட்போம்: எங்கே, எத்தனை மணிக்கு, தடித்ததா மெல்லியதா, சங்கிலிபோன்ற அடையாளம் இருந்ததா, கறுப்பில் வெள்ளை வளையமா? சிகிச்சையை அந்தப் பெயரை மட்டும் நம்பித் தொடங்குவதில்லை. ஒரு சிறிய கண்ணாடிக் குழாயில் குருதியை விட்டு இருபது நிமிடத்தில் உறைகிறதா என்று பார்க்கிறோம். இங்கே பயன்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஆக்கப்பட்டது. ஆனாலும் நோயாளியை எதற்காகக் கவனித்திருக்க வேண்டும் என்பதற்குப் பெயர் உதவும்.

ஆகவே 'புடையன் (கண்ணாடி விரியன்)', 'கட்டுவிரியன்' என்று தனித்தனியே எழுதி, இரண்டின் படத்தையும் நிறத்தில் போடுங்கள். பாம்பைப் பிடித்துக் கொண்டுவரச் சொல்லும் வரி ஏதும் இருந்தால் நீக்கிவிடுங்கள். அதைத் தேடப்போய் இரண்டாவது ஆளும் கடிபடுகிறார். வரைவில் 'கடிவாயைக் கீறாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள், கடிபட்ட காலை அசையாமல் வைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்' என்று இருந்தால் அதை அப்படியே விடுங்கள்.

நோய்களின் பெயரிலும் ஆசிரியை சொன்ன கதைதான். எங்கள் கிளினிக் அட்டையில் 'குருதி அமுக்கம்' என்று அச்சாகியிருக்கிறது. வருகிறவர் 'பிறஷர்' என்கிறார். பேரப்பிள்ளை இணையத்தில் 'இரத்த அழுத்தம்' என்று தேடுகிறது. நான் முதலில் 'பிறஷர்' என்று சொல்லிவிட்டுப் பிறகு அட்டையில் உள்ள சொல்லைத் தொட்டுக் காட்டுவேன். அடுத்த மாதம் வரும்போது அவரே அந்தச் சொல்லைச் சொல்வார். நீரிழிவுக்கும் இப்படித்தான், 'சீனி வருத்தம்' என்பதிலிருந்து தொடங்கவேண்டும். ஆனால் குளிசை விழுங்கும் நேரம் என்று வந்துவிட்டால் எந்தக் கலைச்சொல்லும் வேண்டாம். 'சாப்பிடுவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்' என்று எழுதினாற் போதும்.

இருமொழியன் (வவுனியா) எழுதியது:

நான் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையில் மொழிபெயர்க்கும் தொழில் செய்பவன். இதுவரை எழுதியவர்கள் ஆங்கிலத்தை நினைத்து எழுதியிருக்கிறார்கள். வன்னியில் நாளாந்தம் எங்களிடம் வரும் தாள்களோ பெரும்பாலும் சிங்களத்திலிருந்து பிறந்தவை. 1987இல் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. ஆனால் சுற்றறிக்கை முதலில் சிங்களத்தில் எழுதப்பட்டுப் பிறகுதான் தமிழுக்கு வருகிறது, வரும்போது அவசரமாக வருகிறது.

சில பெயர்கள் மொழிபெயர்க்கப்படுவதே இல்லை. வறுமை நிவாரணத் திட்டமான சமுர்த்தி அப்படியே வந்தது. 2023இல் தொடங்கிய 'அஸ்வெசும' நலன்புரித் திட்டமும் அப்படியே வந்தது. அது ஆறுதல் தருவது என்ற பொருளுடைய சொல். நாங்கள் சொல்லும் 'ஆசுவாசம்' என்பதற்கு உறவு. அந்த உறவை எவரும் மக்களுக்குச் சொல்லவில்லை. வரிசையில் நிற்கும் தாய்மார் பொருள் தெரியாத ஒரு பெயரைச் சொல்லி உதவி கேட்கவேண்டியிருக்கிறது. திட்டத்தின் பெயர் நாடு முழுவதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. விண்ணப்பப் படிவத்தின் முதல் வரியில் அதன் பொருளைச் சொல்லியிருக்கலாம்.

காணி விடயத்தில் ஒரு சொல் பிழைத்தால் குடும்பமே பிரியும். வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் பெருமளவு காணி 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது. அதில் 'அனுமதிப்பத்திரம்' ஒரு நிலை, 'அளிப்பு' அடுத்த நிலை. தனியார் காணிக்கு உள்ள 'உறுதி' இரண்டிலும் சேராது. எங்கள் ஆட்கள் மூன்றையும் 'உறுதி' என்று சொல்வதுண்டு. அதைவிடக் கூரானது 'பின்னுரித்தாளர்' என்ற சொல். அனுமதிப்பத்திரக்காரர் தமக்குப் பிறகு காணி யாருக்குப் போகவேண்டும் என்று பெயர் குறித்துப் பதிவு செய்தவரே பின்னுரித்தாளர். ஒரு குடும்பத்துக்கு வந்த கடிதத்தில் அதை 'வாரிசு' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். வாரிசு என்றால் பிள்ளைகள் எல்லோரும்தானே? கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் ஒப்பமிட்டு அனுப்பிவிட்டு, பங்கு வரும் என்று காத்திருந்தார்கள். பெயர் குறிக்கப்பட்டிருந்தவர் இளைய மகள் ஒருத்தி. அவர்கள் இப்போது ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. 'பின்னுரித்தாளர்' கடினமான சொல்தான். ஆனால் அதற்குப் பதிலாக எளிய சொல்லைப் போடக்கூடாது; அந்தச் சொல்லையே போட்டு, பக்கத்தில் ஒரு வாக்கியத்தில் விளக்கவேண்டும். கனகராயன், உங்கள் விதி இங்கே செல்லாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியவில்லை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் 'காணாமற்போன ஆட்கள்' என்று இருக்கிறது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் வீதியோரத்தில் இருந்து போராடத் தொடங்கிய தாய்மார், தங்கள் பிள்ளைகளை 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்கிறார்கள். 'போன' என்றால் போனவரே வினை செய்தவர். 'ஆக்கப்பட்ட' என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார். தமிழில் ஒரு வினை வடிவம் இவ்வளவையும் சுமக்கிறது. அந்தத் தாய்மார் சொல்வதை மொழிபெயர்ப்பவர் 'காணாமற்போனோர்' என்று எழுதினால், அவர்கள் சொன்னதை அவர் மொழிபெயர்க்கவில்லை. அவர்கள் வாயில் இல்லாத ஒன்றைத் தாமே சொல்லியிருக்கிறார். இந்தச் சொல்லைச் சுருக்கவோ மென்மையாக்கவோ எவருக்கும் உரிமை இல்லை.

மாதோட்டத்தான் (மன்னார்) எழுதியது:

இருமொழியன் அண்ணரின் கடைசிப் பந்தியை இரண்டு தடவை வாசித்தேன்.

சொற்கள் எப்படி ஊருக்குள் வந்து தங்குகின்றன என்பதைப் பற்றிச் சிறிது. கதிரை, அலுமாரி, பாண், சப்பாத்து, வாங்கு ஆகியவை போர்த்துக்கேயரிடமிருந்தும், கந்தோர், லாச்சி, கக்கூசு ஆகியவை ஒல்லாந்தரிடமிருந்தும் வந்தவை. எந்தக் குழுவும் கூடி அவற்றை ஏற்றுக்கொள்ளவில்லை. பொருளோடு சொல்லும் வீட்டுக்குள் வந்துவிட்டது. இன்று இவற்றை அந்நியச் சொல் என்று எவரும் நினைப்பதில்லை.

கலைச்சொல்லை முறையாக ஆக்கும் வேலை எங்கள் பக்கத்தில் பழையது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இருந்து மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நூல்களையும் தமிழில் வெளியிட்டார். 1875இல் வந்த இரசாயன நூலுக்கு 'கெமிஸ்தம்' என்று பெயர். தமிழில் சொல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு ஏற்ப எழுதுவது என்ற ஒழுங்கை அவர் கைக்கொண்டார். கெமிஸ்தம் நிற்கவில்லை; இரசாயனம் நின்றது. ஆனால் தமிழில் கற்றவர் அதே ஊரில் மருத்துவம் செய்யவேண்டும் என்று அவர் விரும்பியது இன்றைக்கும் பொருத்தமான நோக்கம்.

குளங்களின் பெயரைப் பற்றி ஒரு வேண்டுகோள். எங்கள் கட்டுக்கரைக் குளத்துக்குச் சிங்களத்தில் 'யோத வெவ' என்று பெயர். ஆங்கிலேயர் அதன் பொருளை எடுத்து 'ஜயன்ற்ஸ் டாங்க்' என்றார்கள். ஆங்கில அறிக்கையைத் தமிழாக்குவோர் சிலர் இப்போது 'இராட்சதக் குளம்' என்று எழுதுகிறார்கள். அப்படி ஒரு குளம் மன்னாரில் எவருக்கும் தெரியாது. இடப்பெயரை மொழிபெயர்க்காதீர்கள், அந்த இடத்து ஆட்களிடம் கேட்டு எழுதுங்கள்.

புதுக்குடியிருப்பு ஆசிரியை எழுதியது:

மாதோட்டத்தான் அவர்களே, ஆக்கிய சொல் நிற்பதும் உண்டு. 2009க்கு முன்னர் வன்னியின் பெயர்ப்பலகைகளில் பேக்கரிக்கு 'வெதுப்பகம்' என்று எழுதப்பட்டிருந்தது. மோட்டார் சைக்கிளுக்கு 'உந்துருளி' என்று எழுதினார்கள். அக்காலத்தில் கடைக்குப் போகிற பிள்ளை பேச்சில் பேக்கரி என்றுதான் சொல்லியிருக்கும். இன்று இரண்டு சொற்களும் பத்திரிகைச் செய்திகளில் இயல்பாக வருகின்றன. வெதுப்பகம் யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் பெயர்ப்பலகைகளில் இருக்கிறது. எழுத்தில் தொடர்ந்து கண்ணில் பட்டதால் அவை தங்கின. ஆகவே வாயில் இருக்கும் சொல் மட்டுமே உயிருள்ள சொல் என்று முடிவுகட்ட வேண்டாம். எழுத்துக்கென ஒரு தமிழ் இருக்கிறது; பிள்ளைகள் அதையும் கற்றுத்தான் ஆகவேண்டும்.

முன்னாள் கள உத்தியோகத்தர் (மாந்தை கிழக்கு) எழுதியது:

மீள்குடியேற்றக் காலத்தில் வெடிபொருள் அபாயக் கல்விக்காகக் கிராமம் கிராமமாகப் போன அனுபவத்திலிருந்து சில வரிகள்.

எங்களுக்குக் கிடைத்த கைநூல்களில் எல்லாவற்றுக்கும் 'கண்ணிவெடி' என்று இருந்தது. ஆட்களிடம் அந்தச் சொல் வாகனத்துக்கு வைக்கும் பெரிய வெடியை நினைவூட்டியது. விறகு பொறுக்கவும் மாடு தேடவும் போகிறவரின் காலுக்குக் கீழே இருப்பதற்கு அவர்களிடம் இருந்த சொல் 'மிதிவெடி'. எச்சரிக்கைப் பலகையில் அந்தச் சொல்லைக் கண்டால் வைத்த காலை எடுத்துப் பின்வாங்குவார்கள். வெடிக்காத எறிகணைகளைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டியிருந்தது. 'வெடிக்காத வெடிபொருள்' என்று கைநூலில் இருந்ததைக் கேட்ட சிறுவன் ஒருவன், அப்படியானால் அது இனி வெடிக்காதா என்று கேட்டான். அதற்குப் பிறகு நாங்கள் 'இன்னும் வெடிக்காமல் கிடக்கும், தொட்டால் வெடிக்கக்கூடிய பொருள்' என்று முழுமையாகச் சொன்னோம். நீண்டுதான் போனது. சுருக்கம் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அகற்றும் வேலை இன்னும் நடக்கிறது. பலகைகள் இன்னும் நிற்கின்றன. பீடைநாசினியின் அளவைப் பற்றி எழுதும்போது, கனகராயன், அந்தச் சிறுவன் கேட்டதைப்போல ஒருவர் கேட்கக்கூடுமா என்று ஒவ்வொரு வரியையும் பாருங்கள்.

முத்தையன்கட்டுக் கமக்காரன் எழுதியது:

பீடைநாசினியைப் பற்றி நான் சொல்லவேண்டியது இது. போத்தலில் ஒட்டியிருக்கும் தாளில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. 1980ஆம் ஆண்டின் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்த காலம் தொட்டு இதற்கெல்லாம் ஒழுங்கு இருக்கிறது. ஆனால் எழுத்து மிகச் சிறியது, 'ஐதாக்குக' என்ற சொல்லோ பாடசாலையில் இரசாயனம் படித்தவருக்கு மட்டும் விளங்கும். 'நீரில் கலக்கவும்' என்று எழுதினால் என்ன குறைந்துபோகும்?

அளவு ஹெக்டேயருக்கு எழுதப்பட்டிருந்தால் அதை ஏக்கருக்கு மாற்றி எழுதுங்கள். ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். ஹெக்டேயருக்கு உரிய மருந்தை ஒரு ஏக்கருக்கு அடித்துவிட்டால் பயிரும் கருகும், அடித்தவரும் மயங்குவார். அதற்குப் பிறகு, 16 லீற்றர்த் தாங்கி ஒன்றுக்கு எத்தனை மில்லிலீற்றர் என்றும் எழுதவேண்டும், ஏனெனில் வரம்பில் நின்று அளப்பவர் தாங்கிக் கணக்கில்தான் அளக்கிறார். அளக்கும் மூடி எது என்பதையும் சொல்லுங்கள். சோடாப் போத்தல் மூடியால் அளப்பவர்கள் இருக்கிறார்கள்.

கனகராயன் எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு பொறுப்போடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இருமொழியன் அண்ணர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்: ஒருவரின் உரிமை தங்கியிருக்கும் சொல்லை எளிமைக்காக மாற்றக்கூடாது. வயலில் செய்யும் வேலைக்குரிய சொல் வேறு, சட்டத்துக்குரிய சொல் வேறு. எங்கள் துண்டுப்பிரசுரத்தில் காணி விடயம் இல்லாததால் அந்தச் சிக்கல் எழவில்லை. ஆசிரியைக்காகத் திணைக்களப் பெயர்கள் எல்லாம் ஊர்ப் பெயருக்கு அடுத்ததாக, முதல் தடவை வரும் இடத்தில் தடித்த எழுத்தில் வரும். இப்போது திருத்திய சில வரிகளைத் தருகிறேன்.

'துருசு திறக்கும் நாளுக்கு முன்னர் உங்கள் வயலுக்கு வரும் வாய்க்காலைத் துப்புரவு செய்யுங்கள். திறக்கும் நாள் போகக் கூட்டத்தில் அறிவிக்கப்படும்.'

'அறக்கொட்டி எனப்படும் கபிலநிறத் தத்தி பயிரின் அடித்தண்டில் இருக்கும். வரம்பில் நின்று பார்த்தால் தெரியாது. வயலுக்குள் இறங்கி, பயிரை விலக்கி, அடியைப் பாருங்கள். கண்டால் வயலில் நிற்கும் நீரை வடித்துவிடுங்கள். யூரியாவை அளவுக்கு மேல் இடாதீர்கள்.'

'மேற்கட்டுப் பசளையைக் குடலைப் பருவத்துக்கு முன்னர் இட்டு முடியுங்கள். விதைத்து 50 நாட்களுக்குப் பின்னர் இடவேண்டாம்.'

'புடையன் (கண்ணாடி விரியன்) அரிவி வெட்டுக் காலத்தில் வைக்கோலுக்கு அடியிலும் வரம்பிலும் இருக்கும். முழங்கால் வரை உயர்ந்த சப்பாத்துப் போடுங்கள்.'

பீடைநாசினிப் பகுதியை ஏக்கருக்கும் தாங்கிக்கும் கணக்கிட்டு, விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிச் சரிபார்த்த பின்னர் இங்கே இடுகிறேன்.

முத்தையன்கட்டுக் கமக்காரன் எழுதியது:

மூன்றாவது வரியில் உள்ள 50 நாள் கணக்கை எடுத்துவிடுங்கள், தம்பி. அது மூலத்தில் ஏதோ ஒரு நெல்லினத்துக்காக எழுதப்பட்டிருக்கும். பி.ஜி. 300 மூன்று மாதத்தில் விளைவது, ஏ.ரி. 362 மூன்றரை மாதம் எடுப்பது. இரண்டுக்கும் குடலை ஒரே நாளில் வராது. பருவத்தின் பெயரை மட்டும் விடுங்கள். தண்டைக் கிள்ளிப் பார்த்து எவரும் கண்டுகொள்வார்.

கனகராயன் எழுதியது:

எடுத்துவிட்டேன், ஐயா. 'தண்டை நீளவாக்கில் பிளந்து உள்ளே கதிர் பருத்து நிற்கிறதா என்று பாருங்கள். பருத்து நின்றால் இட வேண்டாம்' என்று மாற்றியிருக்கிறேன். அதற்கு ஒரு படமும் வரைந்து சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.